ராயர் வண்டிக்கு நாலு சக்கரம்

1961, மார்ச் மாதம் ஆறாம் தேதி, காலை ஒன்பதரை மணி. சேஷகிரி ராயர் ஜோகுபாளையத்தில் தியோடருடைய மோட்டார் ஷெட்டு வாசலில் வந்து நின்று, கன்னடத்தில் மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்றில் ஒரு வார்த்தை குறைகிறது என்பது தியோடருக்கு மத்தியானம்தான் உறைத்தது. நாலுக்கும் சக்கரம் செய் என்று சொன்ன மனிதர், பழைய மாதிரியா, புது மாதிரியா என்று சொல்லாமல் போய்விட்டார்.

வண்டி ராயருடைய அப்பா வாங்கியது. கூரையை மடக்கி வைக்கலாம். இருபது வருஷம் மாட்டுக் கொட்டகையில் நின்றது. கோழிகள் அதில் மூன்று தலைமுறை வளர்ந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராயர் அதை ஷெட்டுக்கு இழுத்துவரச் செய்து, ஏதாவது தேறுமா பார் என்றார். தியோடர் பார்த்தார். எஞ்சின் தேறியது. கியர் தேறியது. சீட்டுக்குப் புதுத் தோல் போட்டார். மர ஆரக்கால் வைத்த சக்கரங்களை மட்டும் கரையான் தின்று தீர்த்திருந்தது. அதனால் வண்டி நாலு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஷெட்டும் ராயருடையதுதான். குத்தகைப் பத்திரம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கேட்டதற்கு ராயர் பார்க்கலாம் என்றார். மார்ச் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷமாகத் தியோடர் அங்கே இருக்கிறார். ஷெட்டு போனால் நாற்பத்திரண்டு வயதில் மறுபடி யாரிடமாவது ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போகவேண்டும். அல்சூர்ப் பக்கம் ஷெட்டு கிடைக்கிற காலம் போய்விட்டது. ராயரின் மனசு அப்பா வண்டியில் இருக்கிறது, வண்டி சரியானால் பத்திரமும் சரியாகும் என்று தியோடர் நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று காலை அந்த நம்பிக்கை பலித்த மாதிரிதான் இருந்தது. ராயர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைத்தடியை வண்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரு வீச்சு வீசிக் காட்டினார். பிறகு அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார். தியோடர் உடனே ஆகட்டும் என்றார். ராயர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. நிஜமாகவா என்று கேட்டார். நிஜமாக என்றார் தியோடர். வருத்தம் ஒன்றும் இல்லையே என்றார் ராயர். எனக்கென்ன வருத்தம், சந்தோஷமாகச் செய்கிறேன் என்று தியோடர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ராயர் அவருடைய தோளில் கை வைத்தார். பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை.

வீட்டில் இதைக் கேட்ட மௌரீன் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“அவர் சொன்னதை அப்படியே கன்னடத்தில சொல்லுங்க.”

“நான்தான் தமிழ்ல சொல்றேனே.”

“உங்க கன்னடம் எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பங்க்ல போய் ஹெட்ரோலு கேட்டவர் நீங்க.”

அது உண்மை. தியோடர் அரக்கோணத்திலிருந்து வந்த புதிதில் கன்னடத்துக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தார். பால் என்றால் ஹாலு, பல் என்றால் ஹல்லு. ஆகவே தமிழில் ‘ப’ வருகிற இடத்தில் ‘ஹ’ போட்டு, கடைசியில் ஓர் ‘உ’ சேர்த்தால் கன்னடம். பெட்ரோலில் மாட்டிக்கொண்ட பிறகு சூத்திரத்தை விட்டுவிட்டு, வண்டிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு சக்கரம், ஆணி, அச்சு, எண்ணெய் என்று சாமான்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டார். தொழிலுக்கு அது போதும். மற்றதற்குத் தலையாட்டினால் போதும்.

ராயரையே போய்க் கேட்டுவிட்டு வரும்படி மௌரீன் சொன்னாள். தியோடர் மறுத்துவிட்டார். கேட்டால் அன்றைக்குப் புரியவில்லை என்று ஆகும். பதினோரு வருஷமாக அவர் ராயரிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

முதலில் யோசனை சொன்னவன் நோயல். மௌரீனின் தம்பி. விமானத் தொழிற்சாலையில் வேலை. அங்கே சேர்ந்த நாளிலிருந்து தரையில் ஓடுகிற எதையும் அவன் மதிப்பதில்லை.

“மாமா, மரச் சக்கரமெல்லாம் மியூசியத்துக்கு. இரும்புத் தட்டு சக்கரம் போடுங்க. பட்டாளத்து ஜீப்பு சக்கரம் ஏலத்துல வந்திருக்கு. உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்.”

“அப்பா வண்டியாச்சேடா. பழைய மாதிரி இருக்கணும்னு ராயர் நெனைச்சா?”

“அப்படி நெனைச்சிருந்தா பழைய மாதிரின்னு சொல்லியிருப்பார் இல்ல?”

இதில் நியாயம் இருந்தது. புது மாதிரி என்றும் ராயர் சொல்லவில்லை என்பது சக்கரங்கள் வந்து இறங்கிய பிறகுதான் தியோடருக்குத் தோன்றியது.

ராயர் வண்டியின் அச்சில் ஆறு போல்ட். ஜீப்பு சக்கரத்தில் ஐந்து ஓட்டை. தியோடர் இரும்புத் தகட்டில் ஆறையும் ஐந்தையும் சேர்த்துத் துளை போட்டு, நடுவே ஒரு இணைப்புத் தட்டு வைத்தார். ஒரு சக்கரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்று சக்கரம் ஏறியவுடன் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். வண்டி குட்டையாகிவிட்டது. பெரிய மட்கார்டுகளுக்குள் சின்னச் சக்கரங்கள் எங்கோ ஒளிந்திருந்தன. ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைச் சுற்றினால் கை முட்டி தரையில் தேய்ந்தது. இரண்டு விரலில் தோல் போயிற்று.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த மௌரீனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“கல்யாணக் கோட்டு போட்டுக்கிட்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கு.”

அந்தச் சனிக்கிழமை அல்சூர் கடைத்தெருவில் ராயர் எதிரே வந்தார். தியோடர் ஒதுங்கி நின்றார். ராயரே கூப்பிட்டுப் பேசினார். வேலை நடக்கிறதா என்று கேட்டார். முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஒன்றுதான் பாக்கி என்றார் தியோடர். ராயர் முகம் மலர்ந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்றார். உன்னை மாதிரி மனிதனை நான் பார்த்ததில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் இரண்டு மாட்டு வண்டி சும்மாதான் நிற்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள், கூச்சப்படாதே என்றார். தியோடர் தலையாட்டினார். வீடு வரை வேகமாக நடந்தார்.

“மௌரீன், ரெண்டு மாட்டு வண்டிக்கு எத்தனை சக்கரம்?”

“எதுக்கு இப்ப எனக்கு வாய்ப்பாடு?”

“நாலு. நாலும் மரச் சக்கரம்.” தியோடர் ராயர் சொன்னதைச் சொன்னார். “பெரிய மனுஷங்க எதையும் நேராச் சொல்ல மாட்டாங்க. இப்படிச் சுத்தி வளைச்சுத்தான் சொல்வாங்க.”

மௌரீன் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவைத்தாள்.

“எனக்கென்னவோ அவர் மாட்டு வண்டியைத்தான் சொன்னார்னு தோணுது.”

“மாட்டு வண்டி எனக்கு எதுக்கு?”

மூன்று ஜீப்பு சக்கரங்களும் அன்று சாயந்திரமே கழன்றன.

ஜட்கா ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்பாதுரைக்குப் பட்டறை. அல்சூரில் ஓடுகிற ஜட்காக்களில் பாதி அவர் செய்த சக்கரத்தில் ஓடின. மோட்டார் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் வெற்றிலையைத் துப்பிவிடுவார். அவருடைய பட்டறைக்கு மோட்டார்க்காரன் ஒருவன் வந்து சக்கரம் கேட்பது அதுதான் முதல் தடவை. அதை அவர் தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு முறை சொல்ல வைத்தார்.

தியோடர் பழைய சக்கரத்தின் அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தார். அப்பாதுரை காகிதத்தை வாங்கி அதில் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார்.

“அளவு மரம் சொல்லும், மேஸ்திரி.”

“ஒரு அங்குலம் கூடினாலும் மட்கார்டுல இடிக்கும்ண்ணே.”

“அப்ப மட்கார்டைத் தூக்கு.”

சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் வேலை ஷெட்டு வாசலிலேயே நடந்தது. மூன்று நாள் வரட்டி நெருப்பு எரிந்தது. பழுத்த பட்டையை மரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றியபோது கிளம்பிய புகையில் எதிர்வீட்டுக் கொடித் துணிகள் கறுத்தன. அந்த வீட்டு அம்மாள் ராயரிடம் சொல்லிவிடுவேன் என்றாள். சொல்லுங்கள், ராயர் வண்டிக்குத்தான் என்றார் தியோடர். அவள் சொல்லவில்லை.

மரம் நாலு அங்குலம் கூடுதலாகச் சொல்லியிருந்தது. தியோடர் மட்கார்டுகளைத் தூக்கினார். சக்கரங்களுக்கு ஜட்கா முறைப்படி மஞ்சளும் சிவப்பும் அடித்திருந்தார் அப்பாதுரை. வண்டி சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரக்கால்களில் நிமிர்ந்து நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்தபோது கூரைச் சட்டம் வாசலின் மேல்கட்டையில் முட்டி நின்றுவிட்டது. ஐந்து விரற்கடை இடித்தது.

கூரைச் சட்டம் துருவேறி மடங்க மறுத்தது; வண்டியைக் குறைக்க முடியாது. வாசல் உயரத்தைக் கூட்டலாம். தியோடரும் நோயலும் மேல்கட்டையைப் பெயர்த்து, மூன்று வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு, கட்டையை உயரத்தில் வைத்துப் பூசினார்கள்.

மௌரீன் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“பத்திரம் புதுப்பிக்காத நேரத்துல அவர் சுவரை இடிச்சிருக்கீங்க.”

“இடிக்கலே. வாசலை உசத்தியிருக்கேன்.”

“கேட்டுட்டா உசத்தினீங்க?”

“தோள்ல கை வச்ச மனுஷன்கிட்ட செங்கல்லுக்குப் போய் உத்தரவு கேப்பாங்களா?”

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் வண்டி தெருவுக்கு வந்தது. இரும்புப் பட்டை தார் ரோட்டில் உருண்ட சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயல் ஏதோ சொன்னான். தியோடருக்கு அவன் பல் ஆடுவது மட்டும் தெரிந்தது. ரேடியேட்டர் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு தெறித்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சுற்றி வந்து சக்கரங்களைப் பார்த்தார். முனிசிபாலிட்டி லைசென்ஸ் வில்லை எங்கே என்று கேட்டார்.

“இது மோட்டாருங்க. வில்லை ஜட்காவுக்குத்தானே.”

“மோட்டார்னா டயர் எங்க?”

“ஜட்கான்னா குதிரை எங்கங்க?”

போலீஸ்காரர் வண்டிக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“குதிரை இல்லாம ஜட்காவை ரோட்டுக்குக் கொண்டாந்தா அது தனி கேஸ்.”

இரும்புப் பட்டை உருளுகிற எதுவும் தார் ரோட்டில் வில்லை இல்லாமல் நகரக்கூடாது என்று சொல்லி, வண்டியை அங்கேயே நிறுத்தவைத்தார். சேதி கேட்ட அப்பாதுரை ஸ்டாண்டிலிருந்து ஒரு குதிரையை ஓட்டிவந்து முன்னால் கட்டினார். அவருடைய வில்லையை ஹெட்லைட்டில் தொங்கவிட்டார். அதன் பிறகு போலீஸ்காரருக்கு ஆட்சேபம் இல்லை. தியோடர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, குதிரை அவரை ஜோகுபாளையம் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. நோயல் வேறு தெரு வழியாக நடந்து போனான்.

“இப்பவாவது ராயர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள் மௌரீன்.

தியோடர் கேட்கவில்லை. ரப்பர் தேடினார். அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு டயர் இந்த ஊரில் இல்லை என்று மூன்று கடையில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பழைய லாரி டயர்களைப் பட்டையாக அறுத்து, இரும்பின் மேல் சுற்றி, தலை உள்ளே அமுங்குகிற ஆணிகளால் அப்பாதுரையே அடித்துக் கொடுத்தார். மோட்டாருக்குச் செருப்புத் தைக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே அடித்தார். சத்தம் அடங்கியது. வண்டி மெதுவாக, கொஞ்சம் குதித்துக் குதித்து, ஆனால் ஓடியது. ஏரிக்கரையில் அதே போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

புனித சனிக்கிழமை முழுவதும் தியோடர் ஷெட்டிலேயே இருந்தார். மனசு நிறைந்திருந்தது. வேண்டாமல் போன ஜீப்பு சக்கரங்களை இரண்டிரண்டாக அடுக்கி, அவற்றின் மேல் ஒரு கல் பலகையை வைத்து, சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டார். வேலை செய்ய நிரந்தரமான மேஜை ஆயிற்று. வாசலை உயர்த்தியதில் மேலே இடம் வந்திருந்ததால் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார். தமிழ் எழுத்துகளை அவரே எழுதினார். கன்னட எழுத்துகளை மௌரீன் எழுதினாள். அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. ஏணியிலிருந்து இறங்கி, பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

“பத்திரம் எத்தனை வருஷத்துக்குப் போடுவாரு?”

“பத்து கேக்கலாம்னு இருக்கேன்.”

“அஞ்சு கொடுத்தாலும் வாங்கிக்குங்க.”

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள், ஏப்ரல் நாலாம் தேதி காலையில் ராயருடைய குமாஸ்தா பச்சைமுத்து ஷெட்டுக்கு வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்து மனிதர். முப்பது வருஷமாக ராயர் வீட்டுச் சாவிகளெல்லாம் அவர் இடுப்பில். கையில் ஒரு பெரிய புதுப் பூட்டு வைத்திருந்தார். சுற்றி வந்த காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. பூட்டைப் பார்த்ததும் தியோடருக்கு உற்சாகம் வந்தது. ராயர் வீட்டில் வண்டிக்கென்று தனி அறை ஏற்பாடு ஆகிவிட்டது போலும்.

தியோடர் ஈஸ்டருக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டியை ராயர் வீட்டுக்கு அன்று தானே ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மௌரீனும் வந்திருந்தாள். குமாஸ்தாவுக்கு ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பச்சைமுத்து வாசலிலேயே நின்று உயர்ந்திருந்த மேல்கட்டையைப் பார்த்தார். பெயர்ப்பலகையைப் பார்த்தார். உள்ளே சிமெண்ட் மேஜையைப் பார்த்தார். மஞ்சளும் சிவப்புமான சக்கரங்களை வெகுநேரம் பார்த்தார்.

“ஐயா பார்த்துட்டு வரச் சொன்னாரு” என்றார். “சொன்னபடி முடிச்சிட்டியா?”

இந்தக் கேள்விக்குத் தியோடர் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். தமிழ்க்காரரிடம்தான் சொல்லப்போகிறோம் என்றாலும் அது ராயர் காதுக்குப் போக வேண்டிய பதில். ராயர் சொன்ன அதே மூன்று வார்த்தையில், அதே கன்னடத்தில் போகட்டும். செய் என்பதைச் செய்துவிட்டேன் என்று மாற்றினால் போதும். கன்னடத்தில் சக்கரத்துக்குக் காலி என்று பெயர். அவர் மனப்பாடம் செய்த முதல் வார்த்தையே அதுதான்.

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“நால்கக்கே காலி மாடித்தீனி” என்றார்.

மௌரீன் கேக் தட்டை மெதுவாக சிமெண்ட் மேஜைமேல் வைத்தாள்.

“நாலாந்தேதிக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணுன்னு ஐயா சொன்னதுக்கு நீ சிரிச்ச முகமா ஒத்துக்கிட்டியாம், இப்படி ஒரு குடித்தனக்காரன் கிடைப்பானான்னு ஊரெல்லாம் உன்னை மெச்சிக்கிட்டிருக்காரு” என்றார் பச்சைமுத்து. “எதைப்பா காலி பண்ணியிருக்கே?”